பழைய கொரோலாவுக்கு ஆசனப்பட்டி தேடும் டீச்சருக்கு

கேள்வி: அப்பா வைத்திருந்த 1989ஆம் ஆண்டு டொயோட்டா கொரோலா, ஈஈ90, இப்போது என்னிடம் இருக்கிறது. களுவாஞ்சிகுடியிலிருந்து மட்டக்களப்புக்குப் பாடசாலை போய்வர அதுதான். விடுமுறைக்குக் கண்டியில் தங்கச்சி வீட்டுக்கும் அதிலேயே போவோம். சாரதிப் பக்க ஆசனப்பட்டி இழுத்தால் வருகிறது, திரும்ப உள்ளே போவதில்லை. வெளியே தொங்கி, கதவில் நசிந்து, ஓரம் பிய்ந்துவிட்டது. பக்கிளும் சில நாளில் இரண்டு மூன்று தடவை அமத்தினால்தான் பிடிக்கிறது. கல்முனையிலும் மட்டக்களப்பிலும் கேட்டேன், "இந்தக் காருக்கு இனி வராது" என்கிறார்கள். ஒரு கராஜில் வேறொரு வானின் பெல்ட்டைப் போட்டுத் தரலாம் என்றார்கள். குஷன் கடைக்காரர் பட்டியை மட்டும் புதிதாகத் தைத்துத் தரலாம் என்கிறார். எதைச் செய்வது? இடப்பக்கப் பட்டியும் மெதுவாகத்தான் உள்ளே போகிறது.
— ஓர் ஆசிரியை, களுவாஞ்சிகுடி

பதில்: டீச்சர், முடிவை முதலே சொல்லிவிடுகிறேன். சாரதிப் பக்கத்தை முழுதாக மாற்றுங்கள். பட்டியும் அது சுருளும் ரிட்ராக்டரும் ஒரு சாமான், பக்கிள் இன்னொன்று, இரண்டுமே வேண்டும். குஷன் கடையில் தைக்கக் கொடுக்காதீர்கள். வான் பெல்ட்டும் வேண்டாம். இடப்பக்கத்துக்கு அநேகமாக ஒரு சட்டி இளஞ்சூட்டுத் தண்ணீரும் சவர்க்காரமும் போதும்.

தைப்பதை ஏன் இவ்வளவு கண்டிப்பாக மறுக்கிறேன் என்று சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் பக்கத்தில் இது நல்ல மனதோடுதான் நடக்கிறது. குஷன் கடைக்காரர் கெட்டிக்காரர், அவருடைய தையல் ஆசனத்தில் இருபது வருடம் நிற்கும். ஆனால் ஆசனம் தாங்குவது வேறு, பட்டி தாங்குவது வேறு. மணிக்கு 50 கிலோமீற்றரில் போகும் கார் பத்தில் ஒரு செக்கனில் நின்றுவிட்டால், 60 கிலோ எடையுள்ள ஒருவரைப் பிடித்து வைக்க ஏறத்தாழ 850 கிலோ எடைக்குச் சமமான விசை வேண்டும். அதனால்தான் ஐக்கிய நாடுகள் சபையின் 16ஆம் இலக்க ஒழுங்குவிதி, பட்டித் துணி குறைந்தது 14.7 கிலோநியூட்டன் இழுவையைத் தாங்க வேண்டும் என்கிறது. கிட்டத்தட்ட ஒன்றரைத் தொன். அந்தத் துணி பொலியெஸ்டர் நூலில் இதற்கென்றே நெய்யப்பட்டது. அதன் நுனித் தையலின் நூலும் வடிவமும் இழுத்துச் சோதித்து முடிவு செய்யப்பட்டவை. பை தைக்கும் நைலோன் பட்டியை அதே அகலத்தில் வாங்கித் தைத்தால் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. பொலிஸாருக்கும் தெரியாது. தெரியவரும் நாள் ஒன்றே ஒன்றுதான், அந்த நாளில் திருத்த நேரம் இருக்காது.

ஓரம் பிய்ந்த பட்டியை அப்படியே வைத்திருப்பதும் இதே கணக்குத்தான். துணி ஓரத்தில் ஒரு வெட்டு இருந்தால், பாரம் வரும்போது கிழிசல் அங்கிருந்துதான் ஓடும். நெருப்பால் சுட்டு ஓரத்தை ஒட்டவைப்பதும் வேண்டாம், உருகிய இடம் கடினமாகி இன்னும் இலகுவில் முறியும்.

இனி வான் பெல்ட். இதில்தான் நல்ல மெக்கானிக்மாரும் தவறுகிறார்கள், ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

உங்கள் காரின் நடுத்தூணின் அடியில், பிளாஸ்டிக் மூடிக்குப் பின்னால், ரிட்ராக்டர் இருக்கிறது. அதைக் கழற்றிக் கையில் எடுத்துப் பட்டியை இழுத்துப் பாருங்கள், பெரும்பாலும் வராது. "இறுகிப்போச்சு, பழுது" என்று அதை எறிந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அது பழுதல்ல. உள்ளே ஒரு சின்ன இரும்புக் குண்டு, அல்லது தொங்கும் ஊசல் ஒன்று இருக்கிறது. கார் சட்டென்று வேகம் குறைந்தாலோ சாய்ந்தாலோ அந்தக் குண்டு உருண்டு ஒரு நெம்பைத் தூக்கும், நெம்பு பற்சக்கரத்தில் விழுந்து சுருளைப் பூட்டும். கையில் எடுக்கும்போது நாங்கள் அதைச் சாய்த்துப் பிடிக்கிறோம், அது தன் வேலையைச் செய்கிறது, அவ்வளவுதான். காரில் இருந்த அதே கோணத்தில் பிடித்து மெதுவாக இழுத்தால் பட்டி வரும். இதைத் தவிர இன்னொரு பூட்டும் உண்டு. பட்டியையே வெடுக்கென்று இழுத்தால் பூட்டுவது அது.

முன்னே சொன்ன ஒழுங்குவிதியில் இதற்கும் கணக்கு இருக்கிறது. காரில் பொருத்தப்பட்ட நிலையிலிருந்து 12 பாகை வரை சாய்ந்தால் ரிட்ராக்டர் பட்டியைப் பூட்டக்கூடாது, 27 பாகைக்கு மேல் சாய்ந்தால் பூட்டியே ஆகவேண்டும். அந்த இடைவெளி எவ்வளவு சின்னது என்று பாருங்கள். வானின் தூண் ஒரு சாய்வில் நிற்கும், கொரோலாவின் தூண் வேறொரு சாய்வில் நிற்கும். வானுக்குச் செய்த ரிட்ராக்டரை உங்கள் தூணில் பூட்டினால் இரண்டில் ஒன்று நடக்கலாம். எப்போதும் இறுகியே இருந்தால் உங்களுக்கு எரிச்சல், ஆனால் உண்மை தெரிந்துவிடும். மற்றது, இலகுவாக இழுபடும், இலகுவாகச் சுருளும், எல்லாரும் "அருமையாகப் பொருந்திவிட்டது" என்பார்கள், ஆனால் பிரேக் அடிக்கும்போது பூட்டவேண்டிய நேரத்தில் பூட்டாது. மஹியங்கனைப் பதினெட்டு வளைவில் இறங்கிவரும்போது உங்களுக்குத் தேவைப்படுவது அந்தப் பூட்டுத்தான். இதே காரணத்தால் வலப்பக்கத்து ரிட்ராக்டரை இடப்பக்கத்தில் மாற்றிப் பூட்டுவதும் சரிவராது.

பக்கிளுக்கு வருவோம். இரண்டு மூன்று தடவை அமத்தினால்தான் பிடிக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இதை நான் பட்டி கிழிந்ததைவிடப் பெரிதாக எடுக்கிறேன். 1995இல் அமெரிக்காவில் ஜப்பானியக் கார்களுக்குப் பெரியதொரு திருப்பியழைப்பு நடந்தது. தக்காட்டா நிறுவனம் செய்த பக்கிள்களின் சிவப்பு அமத்தும் பொத்தான் வெயிலில் வெளிறி, முறுகி, உடைந்த துண்டுகள் உள்ளே விழுந்து, பக்கிள் பிடிக்காமலும் விடாமலும் போயிற்று. 1986க்கும் 1991க்கும் இடையில் வந்த, 80 இலட்சத்துக்கும் மேற்பட்ட வாகனங்கள் அதில் அடங்கின. உங்கள் காரில் இருப்பது அதே பக்கிள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதே காலத்துப் பிளாஸ்டிக், அதைவிடப் பல மடங்கு நீண்ட காலம் எங்கள் வெயிலில் நின்றது. ஒரு டோர்ச் எடுத்து பக்கிள் வாய்க்குள் அடித்துப் பாருங்கள். சிவப்புத் துண்டோ, மணலோ, பிள்ளைகள் போட்ட சில்லறைக் காசோ தெரியலாம். காசு என்றால் எடுத்துவிடலாம். பொத்தானில் வெடிப்பு இருந்தால் பக்கிள் போய்விட்டது. பக்கிளைப் பிரித்துத் திருத்தும் வேலைக்கு யாரிடமும் கொடுக்காதீர்கள். எண்ணெயும் விடாதீர்கள், எண்ணெயில் தூசி ஒட்டி இன்னும் கெடும்.

பக்கிளையும் பட்டியின் நாக்கையும் வேறு வேறு வாகனங்களிலிருந்து எடுத்துச் சேர்க்கவும் கூடாது. நாக்கு உள்ளே போய் "டிக்" என்று சத்தம் கேட்டாலும், உள்ளே கொளுவும் பல்லு முழு ஆழத்துக்கு விழுந்திருக்கும் என்று நம்ப முடியாது.

சரி, எங்கே தேடுவது? "ஈஈ90 கொரோலா சீட் பெல்ட் இருக்கா" என்று கேட்டால் கடைக்காரர் ராக்கையைப் பார்க்காமலே இல்லை என்பார். சாமான் எண்ணோடு போங்கள். டொயோட்டாவின் எண் ஐந்து இலக்கம், ஒரு கோடு, பிறகு இன்னும் ஐந்து எழுத்தும் இலக்கமும் என்று போகும். முதல் ஐந்து இலக்கம் என்ன சாமான் என்பதைச் சொல்லும். வலப்பக்க முன் பட்டியும் ரிட்ராக்டரும் 73210, வலப்பக்கப் பக்கிள் 73230. இடப்பக்கம் என்றால் 73220, 73240. இரண்டாம் பகுதி எந்த மாதிரிக் கார் என்பதைக் காட்டும். அதன் பின்னால் ஒட்டி வரும் கடைசி இரண்டு எழுத்துகள் நிறம் மட்டும்தான். சாம்பல் நிறம் தேடி நாள் கடத்தாதீர்கள், மற்றது எல்லாம் ஒத்துவந்தால் கறுப்போ மண்ணிறமோ எதுவானாலும் வாங்குங்கள்.

முழு எண்ணை எடுக்க, பொனட்டைத் திறந்து, இஞ்சினுக்குப் பின்சுவரில் இருக்கும் தகட்டைத் தெளிவாகப் படம் எடுங்கள். அதில் ஈஈ90 என்று தொடங்கும் ஃபிரேம் நம்பர் இருக்கும். அந்த நம்பரை இட்டால் ஜப்பானியச் சாமான் பட்டியல்களில் உங்கள் காருக்குரிய எண் வரும். முகவரான டொயோட்டா லங்காவிடமும் அதே நம்பரைக் கொடுத்துக் கேளுங்கள். தயாரிப்பு நின்றுவிட்டது என்று சொல்லலாம், அப்படியென்றாலும் எண் உங்கள் கைக்கு வந்துவிடும். ஜப்பானிலிருந்து நேரே அனுப்பும் இணையக் கடைகளில் அந்த எண்ணைத் தட்டிப் பார்க்கலாம். 1989 காரின் பட்டியில் வெடிமருந்து வைத்த இறுக்கி கிடையாது, ஆகவே விமானத்தில் வருவதற்குத் தடையிராது. பிந்திய காலக் கார் வைத்திருக்கும் வாசகர்களுக்கு அந்த வழி இலேசில் சரிவராது, ஏனென்றால் அந்த இறுக்கிகள் ஆபத்தான பொருட்கள் பட்டியலில் இருக்கின்றன.

பாவித்த சாமான் என்றால் கொழும்பு பஞ்சிகாவத்தைதான். அங்கே வெட்டி இறக்கிய வாகனச் சாமான் நிறைய, ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பெரும்பாலும் வருவது மூக்குப் பகுதி, இஞ்சினோடு முன்பக்கம் மட்டும். பட்டி இருப்பது நடுத்தூணில், அது அந்த வெட்டோடு வராது. ஆகவே இஞ்சின் சாமான் கடையில் மினக்கெடாமல், கதவும் ஆசனமும் உட்புறச் சாமானும் விற்கும் கடையைக் கேளுங்கள். எங்கள் பக்கத்தில் கல்முனை, அக்கரைப்பற்று, காத்தான்குடி, ஓட்டமாவடிக் கராஜ்களின் பின்வளவில் ஓடாத கொரோலாக்கள் நிற்கும், அவற்றையும் விசாரியுங்கள். 2020 மார்ச்சிலிருந்து 2025 தொடக்கம் வரை தனியார் வாகன இறக்குமதி நின்றிருந்ததால் பழைய கார்களைப் பலர் சாமானுக்காகவே விற்காமல் வைத்திருந்தார்கள்.

ஆனால் பின்வளவுக் காரில் ஒரு பயம் இருக்கிறது. எங்கள் மாவட்டங்களில் 2011 ஜனவரியிலும் 2024 நவம்பரிலும் வெள்ளம் நின்ற இடங்கள் கொஞ்சமல்ல. ரிட்ராக்டர் இருப்பது தூணின் அடியில், கதவுப் படிக்குச் சற்று மேலே. காருக்குள் தண்ணீர் வந்தால் முதலில் குடிப்பது அதுதான். வாங்கும்முன் பட்டியை முழுதாக, கடைசிச் சுற்று வரை வெளியே இழுங்கள். அடிப்பகுதியில் சேற்றுக் கோடு தெரிந்தால், கறள் தூள் கொட்டினால், வைத்துவிட்டு வாருங்கள். எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

விபத்தில் பட்ட காரின் பட்டியையும் எடுக்கக் கூடாது. அது எப்படித் தெரியும்? பாரம் தாங்கிய பட்டியில், நாக்கு நின்ற இடத்தில் துணி பளபளவென்று உருகியது போல இருக்கும், அல்லது அலை அலையாகச் சுருங்கியிருக்கும். நாக்கிலும் மேல் வளையத்திலும் பிளாஸ்டிக் உரசிக் கீறியிருக்கும். விரலால் தடவினாலே சொரசொரக்கும். கடைக்காரர் அனுப்பும் படத்தை மட்டும் நம்பாமல், அந்த இரண்டு இடத்தையும் கிட்டத்தில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பட்டியின் அடி நுனியில் தைத்திருக்கும் லேபிளையும் எடுக்கச் சொல்லுங்கள். பிறகு பார்சலை இரவு பஸ்ஸில் போடச் சொன்னால் காலையில் மட்டக்களப்பில் எடுத்துக்கொள்ளலாம்.

தேடித் தேடியும் கிடைக்காவிட்டால்? அப்போது பொதுப் பட்டி ஒன்று புதிதாக வாங்கலாம். இதைக் கடைசி வழி என்று சொல்கிறேனே தவிர, மோசமான வழி என்று சொல்லவில்லை. முன்னே சொன்ன ஒழுங்குவிதிப்படி அங்கீகாரம் பெற்றதற்கு அடையாளமாக, லேபிளில் வட்டத்துக்குள் ஆங்கில ஈ எழுத்தும் ஒரு இலக்கமும் இருக்க வேண்டும். பக்கத்தில் ஏ, ஆர், 4, எம் என்று வரிசையாக இருந்தால், மூன்று முனைப் பட்டி, ரிட்ராக்டர் உள்ளது, அவசரத்தில் பூட்டுவது, ஒன்றுக்கு மேற்பட்ட முறையில் உணர்வது என்று பொருள். அந்தக் குறியே இல்லாத பட்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் வாங்காதீர்கள். ரிட்ராக்டரின் கோணத்தை உங்கள் தூணுக்கு ஏற்பச் சரிசெய்யக்கூடியதா என்று கேளுங்கள். முடியாது என்றால், ரிட்ராக்டரே இல்லாமல் கையால் நீளம் சரிசெய்யும் மூன்று முனைப் பட்டி இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் இறுக்கிக்கொள்ள வேண்டும், தொல்லைதான், ஆனால் கோணப் பிரச்சினை அதில் இல்லை.

பூட்டும் வேலை கராஜுக்குரியது. நீங்கள் பக்கத்தில் நின்று ஒன்றை மட்டும் பாருங்கள். கார் முழுக்க மில்லிமீற்றர் போல்ட் என்றாலும், பட்டியைப் பிடிக்கும் போல்ட் 7/16 அங்குலம், அங்குலத்துக்கு 20 புரி. பழைய போல்ட் தொலைந்துவிட்டது என்று பெட்டிக்குள் கிடக்கும் 10 மில்லிமீற்றரைப் போட்டால் ஆடும், 12 மில்லிமீற்றரைத் திணித்தால் காரின் புரியே போய்விடும். ஆகவே பழைய போல்ட்டுகளை ஒரு பையில் போட்டு நீங்களே வைத்திருங்கள். டொயோட்டா திருத்தக் கையேடுகள் அந்தப் போல்ட்டுக்குச் சொல்லும் இறுக்கம் பொதுவாக 42 நியூட்டன் மீற்றர். போல்ட் இருக்கும் தகரத்தைச் சுற்றிக் கறள் ஊறியிருந்தால், பட்டியைப் பூட்டுவதற்கு முன் தகர வேலை. கடற்காற்று அடிக்கும் ஊரில் கார் கம்பளத்தின் அடியை யாரும் தூக்கிப் பார்ப்பதில்லை, இந்தச் சந்தர்ப்பத்தில் பார்த்துவிடுங்கள்.

பூட்டியதும் சோதனை. ஆளில்லாத நேரான வீதியில், பின்னால் வாகனம் வராத நேரம் பார்த்து, 16 கிலோமீற்றர் வேகத்தில் போய்ப் பிரேக்கை ஓங்கி மிதியுங்கள். பட்டி அந்த இடத்திலேயே இறுகிப் பிடிக்க வேண்டும். பிடிக்காவிட்டால் காசு கொடுக்காமல் திரும்பக் கராஜுக்குள் விடுங்கள்.

இடப்பக்கம். தோளுக்கு மேலே பட்டி ஓடும் வளையத்தின் உட்புறத்தை விரலால் தடவிப் பாருங்கள். வியர்வையும் தலை எண்ணெயும் தூசியும் சேர்ந்து கறுப்பு மெழுகாய்ப் படிந்திருக்கும். பட்டி மெதுவாகப் போவதற்குக் காரணம் பெரும்பாலும் இந்த மெழுகுதான், ரிட்ராக்டரின் சுருள் அல்ல. பட்டியை முழுதாக இழுத்து, மேலே ஒரு கிளிப்பால் பிடித்து நிறுத்துங்கள். மென்மையான சவர்க்காரமும் இளஞ்சூட்டுத் தண்ணீரும் துணியில் தொட்டு இரு பக்கமும் துடையுங்கள், வளையத்தையும் துடையுங்கள். வெளுக்கும் திராவகம், சாயம், பெற்றோல் எதுவும் தொடக்கூடாது, நூலின் பலம் போய்விடும். நிழலில் நன்றாகக் காய்ந்த பிறகு மட்டும் உள்ளே விடுங்கள். ஈரத்தோடு சுருட்டினால் எங்கள் ஊர் வெக்கையில் பூஞ்சணம் பிடித்து நாறும்.

2011 முதல் இலங்கையில் சாரதிக்கும் முன் ஆசனத்தில் இருப்பவருக்கும் பட்டி கட்டாயம் என்பது உங்களுக்குத் தெரியும். கிட்டத்துப் பயணம்தானே என்று வயிற்றின் மேல் பட்டியைச் சும்மா போட்டுக்கொண்டு பொலிஸைக் கடப்பவர்களை இந்த வீதியில் தினமும் காண்கிறேன், மனம் பதறுகிறது. நீங்கள் அப்படியில்லாமல் எழுதிக் கேட்டதற்கு நன்றி.

புதியது பூட்டும்வரை கண்டிப் பயணத்தைத் தள்ளி வையுங்கள். பாடசாலைக்கு பஸ்ஸில் போக முடிந்தால் போங்கள். பூட்டிச் சோதித்து முடிந்ததும், கழற்றிய பழைய பட்டியைக் கராஜில் விட்டுவிட்டு வராதீர்கள். கத்தரிக்கோலால் நடுவில் வெட்டிப்போடுங்கள், இன்னொருவர் எடுத்துத் தன் காரில் பூட்டாமல் இருக்கட்டும்.